நடையும் சிறுநீர்ப்பையும்

பதுளை, பண்டாரவளைப் பக்கத்து லயங்கள் பலவற்றில் கழிப்பறை வெளியேதான். தள்ளாடி நடப்பவருக்கு இரவில் அது எவ்வளவு தூரம்!

தமிழகத்திலும் இலங்கையிலும் சில குடும்பங்களில் தலைமுறையாக வரும் எஸ்.சி.ஏ. 1 என்ற நரம்பு நோய் நடையைக் குலைக்கும். பலருக்குச் சிறுநீர்ப்பையையும் பாதிக்கும். மூளையின் கட்டளை முள்ளந்தண்டு வழியே சரியாக இறங்காததால், பை நிறையுமுன்பே சுருங்கும். சிலருக்கு முழுதாகக் காலியாகாது. வயதின் குற்றமல்ல, வெட்கப்பட எதுவுமில்லை.

இரவில் எழ வேண்டுமே என்று பயந்து சிலர் தண்ணீரைக் குறைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்! அடர்ந்த சிறுநீர் பையை உறுத்தும், கிருமியும் தொற்றலாம். பகலில் தாராளமாகக் குடியுங்கள். அந்திக்குமேல் சாயத்தண்ணியை விடுங்கள். கட்டிலருகே ஒரு பாத்திரம் இருக்கட்டும்.

சிறுநீர்த் தொல்லைக்கு மருந்து உண்டு. பையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று ஸ்கேனில் பார்த்தபின் டொக்டர் தீர்மானிப்பார். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் கட்டணமில்லை. காய்ச்சலும் எரிச்சலும் சேர்ந்து வந்தால் அன்றே போங்கள்.