கைந்நாட்டுப் போயிற்று, கடவுச்சொல் வந்தது!
(தோட்டக் கிளைப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

தோழர்களே, தாய்மார்களே, கிராணிமார்களே!

விடியுமுன் பெரட்டுக்குப் போய், மரம் வெட்டி, பாலெடுத்து, ஸ்டோரில் ஊற்றிவிட்டு வந்து அமர்ந்திருக்கிறீர்கள். களைத்திருக்கும் உங்களிடம் நெடுநேரம் பேசுவது நியாயமன்று. ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லவே வந்தோம்.

1954-ஆம் ஆண்டில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். சம்பளப் புத்தகத்தில் கைந்நாட்டு வைத்தவர்கள் நம்மில் ஏராளம். அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. எழுத்தறிந்த ஒருவர் லயத்து வாசலில் அமர்ந்து பத்திரிகையை உரக்கப் படிப்பார்; மற்றவர் சுற்றியிருந்து கேட்பர். அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் உரிமை இன்னதென்று நாம் அறிந்தோம்.

இன்று நம் பிள்ளைகள் படித்துவிட்டார்கள். கைந்நாட்டுப் போயிற்று. ஆனால், கடவுச்சொல் வந்துவிட்டது! அரசாங்க உதவித்தொகைக்கு மனு, சேமநிதிக் கணக்கு, பிள்ளையின் மேற்படிப்பு விண்ணப்பம் எல்லாம் திரைக்குள் போய்விட்டன. அந்தத் திரையைக் கையாளத் தெரியாதவர் இக்காலத்துக் கைந்நாட்டுக்காரர். மின்னிலக்க இடைவெளி என்று பெரியவர்கள் பேசுவது இதைத்தான்.

சேமநிதியையே எடுத்துக்கொள்வோம். 60 வயதுக்குட்பட்ட மலேசியத் தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு 11 பிடிக்கிறார்கள். மாதம் 5,000 வெள்ளி வரை சம்பளம் பெறுவோருக்கு முதலாளி நூற்றுக்கு 13 கட்டவேண்டும். கட்டினாரா இல்லையா என்பதை இணையக் கணக்கைத் திறந்து நாமே பார்த்துக்கொள்ளலாம். திறக்கத் தெரியாதவர் என்ன செய்வார்? வேலையை விட்டு நிற்கும் நாளில்தான் குறையைக் காண்பார். மனு நிரப்பித் தருகிறேன் என்று 20 வெள்ளி கேட்பவரிடம் அடையாளக் கார்டையும் கடவுச்சொல்லையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வருவோரையும் நாம் கண்டிருக்கிறோம். வீட்டுச் சாவியை வழிப்போக்கனிடம் கொடுப்பதற்கும் இதற்கும் என்ன பேதம்?

பிள்ளைகள் பட்ட பாட்டையும் மறந்துவிடவில்லை. 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பாடம் கைப்பேசிக்கு மாறியது. மூன்று பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கைப்பேசி ஒன்று. அதுவும் தகப்பனாரோடு வேலைக்காட்டுக்குப் போய்விடும். சபாவில் ஒரு மாணவி பரீட்சை எழுத ‘லைன்’ தேடி மரத்தின்மேல் தங்கியதை நாடே பார்த்தது. அப்போது நூலகங்களும் மூடிக்கிடந்தன என்பது உண்மை. இப்போது அவை திறந்திருக்கின்றன. நம்மில் எத்தனை பேர் உள்ளே போயிருக்கிறோம்?

தோழர்களே, இடைவெளி மூன்று வகை. லைன் இல்லாமை ஒன்று. கருவி இல்லாமை இரண்டு. பக்கத்தில் அமர்ந்து சொல்லித்தர ஆள் இல்லாமை மூன்று. கோபுரம் நட்டால் லைன் வரும். தவணை கட்டினால் கருவி வரும். மூன்றாவது குறை தீரவேண்டுமானால், கூலி கேட்காமல், முகம் சுளிக்காமல் சொல்லித்தரும் ஓர் இடம் வேண்டும். கிராம நூலகம் அப்படிப்பட்ட இடம்.

நூலகம் என்பது புத்தக அலமாரி மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். இந்நாட்டில் தேசிய நூலகச் சட்டம் 1972-இலேயே வந்துவிட்டது. தேசிய நூலகமும் மாநில நூலகங்களும் சிற்றூர்களில் நடத்தும் ‘பெர்புஸ்தாக்கான் டேசா’ பலவற்றில் கணினியும் இணையமும் உண்டு. யுனெஸ்கோவின் பொது நூலக அறிக்கை, இனம், மதம், மொழி, அந்தஸ்து பாராமல் எல்லாருக்கும் சேவை என்கிறது. கணினி அறிவு வளர உதவுவதும் நூலகத்தின் பணியே என்று 1994-இல் அதில் எழுதிவைத்தார்கள். ஆகவே, நாம் அங்கே போய்க் கேட்பது பிச்சையன்று, நமக்குரியதை.

ஆனால், குறையில்லாமலும் இல்லை. நூலகம் கம்பத்தில் இருக்கிறது. நம் லயமோ செம்மண் சாலையில் பல மைல் உள்ளே, கம்பெனி நிலத்தில் இருக்கிறது. நாம் பால் ஊற்றிக் குளித்துப் புறப்படும் நேரத்தில் அங்கே கதவு சாத்தும் நேரம் நெருங்கிவிடுகிறது. போனாலும் தமிழ்ப் புத்தகம் அரிது.

எனவே நான்கு காரியங்களைக் கிளையின் முன் வைக்கிறோம்.

ஒன்று: அருகிலுள்ள நூலகம் எது, திறக்கும் நேரம் என்ன என்று விசாரித்து, நிர்வாகக்குழு அறிவிப்புப் பலகையில் எழுதட்டும். இணைய மையம், பெடி என்றெல்லாம் பெயர் மாறி இப்போது ‘நாடி’ என வழங்கும் மையம் அருகில் இருந்தால் அதையும் எழுதட்டும்.

இரண்டு: வாரத்தில் ஒரு நாளாவது மாலையில் திறந்து வைக்கவும், தமிழ் நூல்கள் வாங்கவும் மாநில நூலகத்துக்கு மகஜர் அனுப்புவோம். கேட்பார் இல்லாத நூலுக்கு அலமாரியில் இடம் கிடைக்காது.

மூன்று: நடமாடும் நூலக வண்டி தோட்டத்துக்குள் வர நிர்வாகத்திடம் அனுமதி கேட்போம். ஆலயத் திடலில் நிழல் இருக்கிறது.

நான்கு: கிராணிமார்களே, இது உங்களுக்கு. நாள் முழுதும் கணினியோடு பழகும் நீங்கள், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் நம் பெண்களையும் முதியவர்களையும் நூலகத்துக்கு அழைத்துச் சென்று பக்கத்தில் அமருங்கள். அவர்கள் விரலால் அவர்களே தட்டட்டும். கடவுச்சொல்லை மட்டும் நீங்களும் கேட்க வேண்டாம்!

அன்று ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்டோம். இன்று ஒருவர் காட்டப் பத்துப் பேர் கற்போம். வரும் ஞாயிறே தொடங்குவோம், வாரீர்!