தன்முயற்சியும் அரசின் கடமையும்

(குருநகர்ப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



கைத்தொலைபேசிகளில் இன்று நையாண்டிப் படங்கள் பல உலவுகின்றன. உழைத்து உயர்ந்தவன் ஒருபுறம் மாடிவீடு கட்டுகிறான். மானியம் கேட்பவன் மறுபுறம் திண்ணையிற் கிடந்து குறட்டை விடுகிறான். பார்ப்போர் சிரிக்கின்றனர். நாம் நையாண்டியை வெறுப்பவர்கள் அல்லர். 1963இல் 'சிரித்திரன்' இதழைத் தொடங்கிய சிவஞானசுந்தரத்தைப் போற்றுகிறவர்கள். ஆனால் இப்படங்களின் கேலி வலியவனை விட்டு மெலியவனையே தேடிப் பிடிக்கிறது.

இவ்வழக்குப் புதியதன்று. வீதியும் பாலமும் பள்ளிக்கூடமும் பலர் சேர்ந்து அமைத்தவை என்று 2012இல் அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா தேர்தல் மேடையிற் பேசினார். எதிர்க்கட்சியினர் அப்பேச்சிலிருந்து ஒரு துண்டை வெட்டியெடுத்து, தொழில் நடத்துவோரை அவர் இகழ்ந்ததாகப் படங் காட்டினர். 'நாமே கட்டினோம்' என்பதைத் தம் மாநாட்டு முழக்கமுமாக்கினர். அம்மாநாடு கூடிய மண்டபமோ பெரும்பாலும் பொதுப்பணத்தில் எழுந்தது!

நம் கடலுக்கு வருவோம். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் ஏறிற்று. படகின் இயந்திரத்துக்கும் தோட்டத்து நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் ஒரே அடி. எந்தத் தன்முயற்சியால் அவ்விலையை இறக்குவது? இந்திய இழுவைப் படகுகள் நம்மவர் வலைகளை அறுத்துச் செல்கின்றன. இழுவை மடியைத் தடுக்கும் சட்டம் 2017இல் நிறைவேறியது. அதை நடைமுறைப்படுத்துவது வள்ளத்தில் தனியே நிற்பவனின் வேலையா? இரவிரவாய்க் கடலில் விழித்திருப்பவனைச் சோம்பேறி என்பது எவ்வளவு துணிச்சல்!

1956இல் மோட்டார் சைக்கிளில் நோர்வே சென்ற அன்ரனி ராஜேந்திரத்தைத் தன்முயற்சிக்குச் சான்று காட்டுவார் உளர். காட்டட்டும். அவரே பின்னர் நோர்வே மக்களின் உதவியைத் திரட்டிச் சீநோர் நிறுவனத்துக்கு அடிகோலினார்; காரைநகரிற் படகு கட்டும் தளம் எழுந்தது. 1945இல் வந்த இலவசக் கல்வியாற் படித்து உத்தியோகம் பெற்றபின், எல்லாம் தம் கைத்திறன் என்று பேசுவோரை நாம் அறிவோம். அவர்களைப் பற்றிப் படமெடுப்பார் இல்லை.

ஆயினும் எதிர்வாதத்தில் ஓர் உண்மை உண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. கொடுப்பவன் முகம் பார்த்து நிற்கும் உதவி மனிதனைக் கூனாக்கும். தேர்தற் காலத்தில் கூரைத்தகட்டோடு வருபவனுக்கு இக்கூனே வேண்டும். ஆகவே நாம் கேட்பது தயவன்று. 2023 ஜூலையில் தொடங்கிய அஸ்வெசும, 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் வழி வந்தது. சட்டம் தருவதைப் பெற எந்த அரசியல்வாதியின் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. மறுத்தால் காரணம் கேட்கலாம், மேன்முறையீடு செய்யலாம்.

பட்டியலிற் பெயர் விடுபட்டோர், கூட்டம் கலைந்தபின் தம் பத்திரங்களுடன் மேடையருகே வருக. முறையீடுகளை இங்கேயே எழுதுவோம்.