மானியம் கேட்பதா, வாரியம் கேட்பதா?

(ஐதராபாத்தில் நமது சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் செயற்குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



செயற்குழு இன்று உங்கள் முன் வைக்கும் தீர்மானம் ஒன்றுதான். தெலங்கானாவில் வாழும் மொழிச் சிறுபான்மையினரின் கல்விக்கும் பண்பாட்டுக்கும் அரசு நிதி ஒதுக்க வேண்டும். அந்த நிதியை நிர்வகிக்கச் சட்டமன்றத்தில் சட்டம் இயற்றி ஒரு வாரியம் அமைக்க வேண்டும். இதைச் சென்ற கூட்டத்தில் சொன்னபோது, "வாரியம் எதற்கு? இரண்டு ஆசிரியைகளுக்குச் சம்பளமும் பாடப் புத்தகமும் கிடைத்தால் போதாதா?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் தீர்மானத்தைக் கையைத் தூக்கி நிறைவேற்றிக்கொள்ள நாங்கள் விரும்பவில்லை.

நம் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். சார்மினார் எக்ஸ்பிரசில் ஊருக்குப் போய்வருகிற யாராவது ஒருவரின் பையில் முதல் வகுப்புப் புத்தகங்கள் வருகின்றன. சொல்லிக்கொடுப்பவர்கள் ஓய்வு பெற்ற நம் சகோதரிகள். அவர்களுக்கு நாம் கொடுப்பது ஆட்டோ செலவு. இதற்கு உதவி கேட்டு ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம். மனுவை வாங்கிய எழுத்தர் மரியாதையாகவே பேசினார். "சிறுபான்மை என்றால் எந்த மதம்?" என்று கேட்டார். மதம் இல்லை ஐயா, மொழி என்றோம். "அதற்கு இங்கே கோப்பு இல்லையே" என்றார். அவர் மேல் நமக்குக் கோபமில்லை. அவர் சொன்னது உண்மை. 1992ஆம் ஆண்டின் தேசிய சிறுபான்மையினர் ஆணையச் சட்டம் மதச் சிறுபான்மையினரைப் பற்றியது. சிறுபான்மை நலம் என்ற பெயரில் நிதிக் கழகங்களும் உதவித் தொகைகளும் அந்தக் கணக்கிலேதான் பிறந்தன. இதே தெலங்கானாவில் சிறுபான்மையினருக்கென்று 204 உறைவிடப் பள்ளிகளை ஒரு சங்கம் அமைத்து அரசு நடத்திக் காட்டியது. நல்ல காரியம், அதை நாம் பாராட்டுகிறோம். அரசு மனம் வைத்தால் ஓர் அமைப்பைச் சில ஆண்டுகளிலேயே எழுப்ப முடியும் என்பதற்கு அது சாட்சி.

மொழிச் சிறுபான்மையினருக்கு உரிமையே இல்லையா என்றால், காகிதத்தில் நிறைய இருக்கிறது. 1956இல் ஏழாவது திருத்தத்தின் மூலம் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 350அ பிரிவு, தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறும் வசதியை ஒவ்வொரு மாநிலமும் செய்து தர முயல வேண்டும் என்கிறது. அடுத்த பிரிவின்படி 1957இல் மொழிச் சிறுபான்மையினர் ஆணையர் அலுவலகம் ஏற்பட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்ட அறிக்கைகள் எழுதியிருக்கிறார்கள். ஆணையர் எழுதலாம், பரிந்துரைக்கலாம், உத்தரவிட முடியாது. ஒரு பைசா ஒதுக்கவும் முடியாது. 2002இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் உச்சநீதிமன்றம், யார் சிறுபான்மை என்பதை மாநிலத்தை அலகாகக் கொண்டே பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஆகவே இங்கே நாம் சிறுபான்மை என்பதில் சந்தேகமில்லை.

சிக்கல் வேறொரு இடத்தில் இருக்கிறது. 1949இல் மாகாணக் கல்வி அமைச்சர்கள் கூடி ஒரு விதி வகுத்தார்கள். ஒரு பள்ளியில் 40 பிள்ளைகளோ ஒரு வகுப்பில் 10 பிள்ளைகளோ இருந்தால் அவர்கள் தாய்மொழிக்கு ஓர் ஆசிரியரை நியமிக்க வேண்டும் என்பது அது. எல்லைப்புறக் கிராமத்துக்கு இது பொருந்தும். நாராயணப்பேட்டை, ஜகீராபாத் பக்கம் கன்னடம் பேசும் ஊர்கள் இருக்கின்றன. அடிலாபாத் பக்கம் மராத்தி பேசும் ஊர்கள் இருக்கின்றன. நமக்கு அப்படி ஊர் ஏது? பத்மராவ் நகரில் நாலு வீடு, மாரேட்பள்ளியில் நாலு வீடு, திருமலகிரியில் பழைய பட்டாளத்துக் குடும்பங்கள், ராமச்சந்திரபுரத்தில் பெல் தொழிற்சாலைக்கு வந்தவர்கள், கச்சிபௌலியில் நேற்று கணினி வேலைக்கு வந்த பிள்ளைகள். கந்தகிரி கோயிலில் கிருத்திகைக்குக் கூடுகிறபோதுதான் நாம் இத்தனை பேர் இருக்கிறோமா என்று நமக்கே தெரிகிறது. ஐம்பது பள்ளிகளில் பள்ளிக்கு மூன்று பேராகச் சிதறிக் கிடக்கும் பிள்ளைகளை இந்த 40, 10 கணக்கு ஒருநாளும் எட்டாது. பள்ளியைக் கணக்கெடுக்கும் விதி நமக்கு உதவாது. பிள்ளையைக் கணக்கெடுத்து, பல பள்ளிப் பிள்ளைகளைச் சேர்த்து நடக்கும் வகுப்புக்கும் பணம் தரக்கூடிய அமைப்பு வேண்டும். கல்வித்துறையின் இன்றைய விதிகளுக்குள் அது நடக்காது. வாரியம் கேட்பதற்கு முதல் காரணம் இதுவே.

2014க்குப் பிறகு இன்னொன்றும் நடந்தது. ஒன்றுபட்ட ஆந்திரத்தில் சித்தூர், நகரி, குப்பம் பக்கத்துத் தமிழர்களும் நம்மோடு ஒரே மாநிலத்தில் இருந்தார்கள். அவர்களால் தமிழுக்கு ஓர் எண்ணிக்கை இருந்தது. மாநிலம் பிரிந்ததும் அவர்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். தெலங்கானாவுக்குத் தமிழ்நாட்டோடு எல்லையே கிடையாது. நமக்காகப் பேச எல்லையோரச் சட்டமன்ற உறுப்பினர்கூட ஒருவர் இல்லை. 2019 முதல் 2024 வரை ராஜ்பவனில் ஒரு தமிழர் ஆளுநராக இருந்தபோது நம்மில் பலர் கதவு திறந்துவிட்டதாக மகிழ்ந்தோம். வரவுசெலவுத் திட்டம் எழுதப்படுவது ராஜ்பவனில் அல்ல என்பதை மறந்துபோனோம்.

2018இல் இம்மாநிலம் எல்லாப் பள்ளிகளிலும் தெலுங்கைக் கட்டாயமாக்கிச் சட்டம் செய்தது. இதை எதிர்த்துத் தீர்மானம் போடவேண்டும் என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். செயற்குழு உடன்படவில்லை. இந்த மண்ணில் பிழைக்கிறோம், நம் பிள்ளை தெலுங்கு படிக்கட்டும். தெருவிலே பேசுகிற மொழியை எழுதவும் கற்றால் நமக்கு நட்டமில்லை. தமிழ்நாட்டிலும் 2006இல் தமிழைக் கட்டாயமாக்கிச் சட்டம் வந்தது. ஓசூரில் வாழும் தெலுங்குக் குடும்பமும் கன்னடக் குடும்பமும் நீதிமன்றப் படி ஏறினார்கள். 2023 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் பத்தாம் வகுப்புத் தேர்வில் மொழிச் சிறுபான்மை மாணவர்களுக்கு ஓர் ஆண்டு விலக்கு தந்தது. அங்கே அவர்கள் கேட்டபோது நம் உறவினர்கள் என்ன பேசினார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது. அங்கே மறுத்துவிட்டு இங்கே கேட்டால் யார் மதிப்பார்கள்?

வாரியம் என்ற சொல்லைக் கேட்டாலே சிலருக்குக் கசக்கிறது. அந்தக் கசப்புக்கு இந்த நகரத்திலேயே காரணம் இருக்கிறது.

1917இல் நிஜாம் அரசு இங்கே தாருல் தர்ஜுமா என்ற மொழிபெயர்ப்பு நிலையத்தை அமைத்தது. உருது மொழியில் உயர்கல்வி தர உஸ்மானியா பல்கலைக்கழகம் வந்தது. அதற்கு வேதியியலும் சட்டமும் மருத்துவமும் உருதுவில் எழுதித் தர இந்த நிலையம். இந்திய மொழி ஒன்றில் பல்கலைக்கழகப் பாடம் நடத்த முடியும் என்று காட்டியவர்கள் அவர்கள். ஆனால் அது ஒருவருடைய ஃபர்மானில் நின்றது. 1948இல் அந்த ஆட்சி போனதும் நிலையமும் போயிற்று, பாடமொழியும் மாறிற்று. பெரும்பான்மை மக்களின் மொழியான தெலுங்கை ஒதுக்கிவிட்டு எழுந்த மாளிகை அது என்பதையும் சொல்லவேண்டும்.

இருபது ஆண்டுகள் கழித்து, 1968இல், இதே ஐதராபாத்தில் தெலுங்கு அகாதமி பிறந்தது. அப்போது கல்வி அமைச்சராக இருந்த பி.வி. நரசிம்மராவ் அதன் முதல் தலைவர். மைய அரசு மாநில மொழிகளில் பல்கலைக்கழக நூல்கள் எழுத ஒவ்வொரு மாநிலத்துக்கும் 1 கோடி ரூபாய் ஒதுக்கிய காலம் அது. தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனமும் கேரள பாஷா இன்ஸ்டிடியூட்டும் அந்தக் காலத்துப் பிள்ளைகள்தான். தெலுங்கு அகாதமி பெரிய வேலை செய்தது. இன்டர்மீடியட் படித்த நம் பிள்ளைகளின் அலமாரியிலும் அதன் புத்தகம் இருக்கும். புத்தகம் விற்றது, பணம் சேர்ந்தது, வைப்பு நிதியாக வங்கியில் தூங்கியது. 2014இல் மாநிலம் பிரிந்தபோது அகாதமி மறுசீரமைப்புச் சட்டத்தின் பத்தாவது அட்டவணையில் ஒரு வரியாயிற்று. பங்கு பிரிப்பதில் ஆண்டுகள் ஓடின. 2021இல் பார்த்தால் போலி ஆவணங்களின் மூலம் 60 கோடி ரூபாய்க்கு மேல் வைப்பு நிதி காணாமல் போயிருந்தது. வங்கி மேலாளர்கள் உட்படப் பலர் கைதானார்கள். ஒரு மொழிக்காகச் சேர்ந்த பணம்! பெரும்பான்மையின் மொழிக்கே இந்தக் கதி என்றால் நம்முடையது என்னவாகும் என்று கேட்கிறீர்கள்.

மலேசியாவிலும் பாருங்கள். 500க்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் உள்ள நாடு. இந்திய சமுதாயத்தின் முன்னேற்றத்துக்காக மித்ரா என்ற பிரிவை 2018இல் அமைத்து, 2019இல் 10 கோடி ரிங்கிட் ஒதுக்கினார்கள். சில ஆண்டுகளுக்குள் அந்தப் பணம் யாருக்கு எப்படிப் போயிற்று என்று ஊழல் தடுப்பு ஆணையம் விசாரிக்க வேண்டி வந்தது. கொடுக்க மனமுள்ள அரசும் கேட்கத் தெரிந்த சமுதாயமும் இருந்தும் இந்த நிலை.

ஆகவே வாரியம் வேண்டாம் என்பதா? எங்கள் முடிவு அதுவல்ல. எப்படிப்பட்ட வாரியம் என்பதில்தான் நாம் பிடிவாதமாக இருக்கவேண்டும் என்கிறோம்.

தில்லியில் 2021 ஜனவரியில் மாநில அரசு தமிழ் அகாதமி அமைத்தது. நமக்கும் அதுபோல் ஒன்று என்று இளைஞர் அணி கேட்கிறது. தில்லித் தமிழர்களுக்கு 1923இலிருந்து ஒரு கல்விக் கழகம் உண்டு. அதன் ஏழு பள்ளிகளுக்கு அரசு மானியம் வருகிறது. பள்ளிகள் முன்பே இருந்தன, அகாதமி பின்னால் வந்தது. இங்கே பள்ளி இல்லாமல் அகாதமி மட்டும் வந்தால் என்ன நடக்கும்? ஒரு தலைவர், ஒரு கார், பொங்கலுக்கு ஒரு விழா. தவிர, அரசாணையில் பிறந்த அகாதமியை இன்னோர் அரசாணை கலைத்துவிடும். சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிந்துகொண்டால் கொஞ்சம் உறுதி, ஆனால் பணம் ஆண்டுதோறும் கெஞ்சி வாங்கவேண்டும்; மார்ச் 31க்குள் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போகும். மானியம் பெரும்பாலும் கையில் கிடைப்பதே பிப்ரவரியில்தான்! சட்டத்தால் அமைந்தால் கலைக்கச் சட்டமன்றத்துக்கு வரவேண்டும், கணக்கைச் சபையில் வைக்கவேண்டும், தலைமைத் தணிக்கையாளர் பார்க்கலாம். பல்கலைக்கழக மானியக் குழு 1956இன் சட்டத்தில் நிற்பதால்தான் ஒரு கல்லூரி அமைச்சரைப் பாராமல் அதனிடம் நேரே விண்ணப்பிக்க முடிந்தது.

அடுத்தது, தமிழ் வாரியமா, எல்லா மொழிச் சிறுபான்மைக்கும் வாரியமா? இதில்தான் செயற்குழுவுக்குள் இரவு பதினொரு மணி வரை விவாதம் நடந்தது. தமிழர் தனியே கேட்டால் அரசியல்வாதி நம் வாக்கை எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரிப்பார். கச்சிகுடாவில் நிருபதுங்கா பள்ளியை நடத்திய கன்னடத்தாரும் விவேக் வர்த்தினியை வளர்த்த மராத்தியரும் நம்மைவிட அனுபவம் மிக்கவர்கள். அவர்களோடு சேர்ந்து கேட்கவேண்டும். அதோடு, அடிலாபாத் காட்டில் கோண்டி பேசும் பிள்ளையைப் பற்றியும் பேசியாக வேண்டும். 1943இல் ஹைமண்டார்ஃப் என்ற மானிடவியல் அறிஞர் நிஜாம் அரசின் ஆதரவோடு மார்லவாயியில் கோண்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி தொடங்கி, கோண்டி மொழியிலேயே பாலபாடம் அச்சிட்டார். அதுவும் தொடரவில்லை. நமக்காவது சென்னையில் ஒரு பாடநூல் கழகம் இருக்கிறது, ரயிலில் புத்தகம் வருகிறது. கோண்டிப் பிள்ளைக்கு எந்த ஊரிலிருந்து வரும்? வரிசையில் அவர்களுக்குப் பின்னால் நிற்க நமக்கு மனமிருந்தால்தான் இந்தக் கோரிக்கை நியாயமாகும். இதை ஏற்காத உறுப்பினர்கள் இங்கேயே எதிர்த்துப் பேசலாம்.

வாரியத்தில் அரசு நியமிப்பவர் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. மற்றவர்களை வகுப்பு நடத்தும் ஆசிரியர்களும் பெற்றோரும் தேர்ந்தெடுக்கவேண்டும், சங்கத் தலைவர்கள் அல்ல. இதைச் சொல்லும்போது மேடையில் இருக்கும் எங்கள் முகத்தைப் பார்த்துச் சிலர் சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை வருடத்துக்கு ஒரு முறை எல்லா மொழிகளிலும் அச்சிட்டு ஒட்டவேண்டும். வைப்பு நிதிக்கு உச்சவரம்பு வேண்டும். மேல்மிச்சம் ஆசிரியர் சம்பளத்துக்குப் போகட்டும்.

நம் வீட்டுக் கணக்கு? நேற்று பழைய ரசீதுப் புத்தகங்களைப் புரட்டினோம். விழாவுக்குச் சென்னையிலிருந்து பேச்சாளர்களை வரவழைத்த செலவும் ஞாயிறு வகுப்புச் செலவும் அடுத்தடுத்த பக்கங்களில் இருந்தன. தொகையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பொருளாளர் அறிக்கையில் படிப்பார். செகந்திராபாத்தில் 1862இல் சோமசுந்தர முதலியார் ஒரு பள்ளியைத் தொடங்கினார். பின்னாளில் மஹபூப் கல்லூரி என்று பெயர் பெற்ற அந்தப் பள்ளியில்தான் 1893இல் விவேகானந்தர் பேசினார். அன்று எந்த வாரியமும் இல்லை. அந்தப் பள்ளி எல்லோருக்குமானது, இன்றும் நிற்கிறது. தமிழ் படிக்கிற இடமாக மட்டும் அது இல்லை.

தீர்மானம் வாக்கெடுப்புக்கு வருமுன் ஒரு வேலை. அரசிடம் போகும்போது, "எத்தனை பிள்ளைகள், எந்தெந்தப் பள்ளி, எந்த வகுப்பு?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நம்மிடம் பட்டியல் இல்லை. வாசல் மேசையில் படிவங்கள் வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டுப் பிள்ளையோடு, உங்கள் மாடிக் குடியிருப்பிலுள்ள தமிழ்ப் பிள்ளைகளையும், சங்கத்துக்குச் சந்தா கட்டாத வீட்டுப் பிள்ளைகளையும், கட்டிட வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் நம் ஊர்க்காரர்களின் பிள்ளைகளையும் எழுதிக் கொடுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்குள் வேண்டும். பேனா இல்லாதவர்கள் பொருளாளரிடம் கேளுங்கள்.