மார்கழிக் கூடு

பிள்ளைப்பாக்கத்தில் இப்போதெல்லாம் சேவலுக்கு முன்னால் கம்பெனி பஸ் ஹாரன் கூவிவிடுகிறது. இருந்தாலும் கொல்லையில் நாலு நாட்டுக்கோழி இல்லாமல் மனசு கேட்காதவர்களுக்கு இன்றைய தகவல்.

மார்கழியில் முட்டை குறைந்தால் குளிரைத் திட்டுவோம். பாதிக் குற்றவாளி வெளிச்சம்தான். நம் பக்கம் பகல் பதினொன்றரை மணி நேரத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. முட்டைக் கோழிக்கு 14 முதல் 16 மணி நேரம் வேண்டும். மாலையில் ஒரு விளக்கைப் போட்டு வையுங்கள்.

பனிக்குப் பயந்து கூட்டை நாலு பக்கமும் சாக்கால் மூடுகிறோமே, அதுதான் வினை. காலையில் திறந்ததும் மூக்கில் சுரீரென்று ஏறுவது எச்சத்தின் அம்மோனியா. ஒரு நொடி நமக்கே கண் எரிகிறது; ராத்திரி முழுக்க உள்ளே கிடந்த கோழிக்கு? வாடைக்காற்று வரும் வடக்குப் பக்கம் மட்டும் சாக்கைக் கட்டி, மேலே ஒரு சாண் திறந்து விடுங்கள். தரையில் பரப்பிய உமியை ஒரு கை அள்ளிப் பிடியுங்கள். கொழுக்கட்டை மாதிரி நின்றால் ஈரம். கிளறிவிட்டுச் சுண்ணாம்பு தூவுங்கள்.

குஞ்சுகளுக்குக் குண்டு பல்ப், தலைக்கு 2 வாட் கணக்கு. பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர்கிறது, ஓரமாக ஒதுங்கினால் சுடுகிறது. தெர்மாமீட்டரே வேண்டாம்.

வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட்டாயிற்றா? பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.