பத்துப் பாய்க்கு ஒரு வீடு

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய வாசகர் வட்டத்தில் பேசியது. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டீர்கள். நான் வீட்டு பிளான் பற்றிப் பேசப் போகிறேன். எங்கள் வீட்டில் இப்போது அந்தப் பேச்சுதான் ஓடுகிறது. பழைய தொகுப்பு வீட்டின் தளத்தில் கம்பி வெளியே தெரிகிறது. மழை வந்தால் எந்தக் குண்டானை எங்கே வைப்பது என்று பிள்ளைகளுக்கே மனப்பாடம். இடித்துக் கட்டியாக வேண்டும். இடம் மூன்று செண்ட். ஆட்கள் பத்துப் பேர்: ஆயா, அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, அவங்க பிள்ளைங்க மூணு பேர், பி.எட். படிக்கிற தங்கச்சி, நான். அப்பாவும் அண்ணனும் கொத்து வேலை. அண்ணி சித்தாள். மாதம் பிறந்தால் சம்பளம் வருவது எனக்கு ஒருவனுக்குத்தான்.

இது எங்கள் குடும்ப விஷயம் மட்டும் என்றால் இங்கே பேச வேண்டியதில்லை. காலனியில் வீடு எப்போதுமே அரசியலாகத்தான் இருந்திருக்கிறது. 1968 டிசம்பர் 25 அன்று வெண்மணியில் குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேரை வைத்துக் கொளுத்தினார்கள். 1995 ஆகஸ்டில் கொடியன்குளத்தில் போலீசே புகுந்து, உழைத்துச் சேர்த்த பொருட்களை அடித்து நொறுக்கியது. 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனியில் எரிந்தவற்றில் பெங்களூருக்குப் போய் வேலை செய்த காசில் கட்டிய வீடுகளும் உண்டு. நாம குடிசையில இருந்தாலும் ஆத்திரம், மச்சு வீடு கட்டினாலும் ஆத்திரம். அவன் ஆத்திரத்தைப் பார்த்து நாம் வீட்டின் அளவை முடிவு செய்ய முடியாது.

அப்படியானால் அளவை யார் முடிவு செய்கிறார்கள்? அரசாங்கத் திட்டம்தான். இந்திரா குடியிருப்புத் திட்டம் 1985-இல் தொடங்கியபோது தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் மீட்கப்பட்ட கொத்தடிமைகளுக்கும் என்றுதான் வந்தது. 2016 முதல் அதன் இடத்தில் பிரதமர் பெயரிலான ஊரக வீட்டுத் திட்டம். அதில் குறைந்தபட்ச அளவு, சமையலிடம் சேர்த்து, 25 சதுர மீட்டர். சுமார் 270 சதுர அடி. தமிழக அரசு 2024-இல் அறிவித்த கலைஞர் கனவு இல்லத்தில் 360 சதுர அடி. இவற்றை வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நம் உரிமை, வாங்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறடிக்கு மூன்றடி ஒரு பாய். பதினெட்டுச் சதுர அடி. பத்துப் பேர் நீட்டிப் படுத்தால் 180. 270-இல் மிச்சம் 90. அதற்குள் அடுப்பு, தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை, பீரோ, புத்தகப் பை, கதவு திறந்து மூட இடம், புருஷன் பெண்டாட்டிக்கு ஒரு மறைவு. முடியுமா? நம் குடும்பம் எவ்வளவு பெரிது என்று கேட்காமலேயே வரைந்த பிளான் இது.

அதனால் நாங்கள் பென்சில் எடுப்பதற்கு முன்னால் ஒரு வாரம் ஒரு நோட்டில் எழுதினோம். யார் எத்தனை மணிக்கு எழுகிறார்கள், எங்கே படுக்கிறார்கள், எங்கே குளிக்கிறார்கள், எங்கே படிக்கிறார்கள். எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அண்ணி விடியும் முன் இருட்டில் குளித்து முடித்துவிடுகிறாள். தட்டிக்குத் தாழ்ப்பாள் இல்லை. தங்கச்சி எல்லோரும் தூங்கின பிறகு படிக்கிறாள். லைட்டைப் போட்டால் அப்பாவுக்குத் தூக்கம் கெடும். பம்பாய் பரேலில் ஒற்றை அறையில் அம்பேத்கரின் குடும்பம் இருந்தபோது, அவருடைய தகப்பனார் ராத்திரி இரண்டு மணி வரை விழித்திருந்து, பிறகு மகனைப் படிக்க எழுப்பிவிட்டார் என்று வரலாற்றில் படிக்கிறோம். இடம் இல்லாத வீட்டில் நேரத்தைப் பங்கு போட்டார்கள். அவரே பின்னால் தாதரில் ராஜகிருகம் கட்டியபோது புத்தகங்களுக்கென்று இடம் வைத்துத் திட்டமிட்டார். நம் பிளானில் படிக்கிற மூலை கடைசியில் வரக்கூடாது.

நோட்டிலிருந்து பிளான் வந்தது. கீழே 450 சதுர அடி. பாய் விரிக்க ஒரு கூடம், கதவு சாத்துகிற மாதிரி ஒரு அறை, சமையலறை, தாழ்ப்பாளோடு குளியலறை. ஆயா கட்டிலிலிருந்து கக்கூசுக்குப் படி ஏறாமல் போக வழி. வெளிப்பக்கம் மாடிப்படிக்கு இடம். மேலே இரண்டு அறை, ஆனால் அது இப்போது இல்லை.

இங்கேதான் சிக்கனத்தின் சூட்சுமம். பணம் குறைவாக இருக்கும்போது நம் ஜனங்கள் அஸ்திவாரத்தில் மிச்சம் பிடித்து, டைல்ஸிலும் முகப்பிலும் செலவழித்து விடுகிறார்கள். சுவர்ப் பூச்சு அடுத்த வருஷம் பூசலாம், டைல்ஸ் பத்து வருஷம் கழித்துப் போடலாம். அஸ்திவாரத்தைப் பிறகு தோண்டிப் பலப்படுத்துவது பெரும்பாடு. அதனால் மாடியைத் தாங்குகிற அஸ்திவாரத்தையும் தூணையும் இப்போதே போட்டுவிட வேண்டும். மேலே நீட்டிவிடும் கம்பி துருப்பிடிக்காமல் சிமெண்ட் பால் பூசி மூடி வைக்க வேண்டும். சிலி நாட்டில் இக்கிக்கே நகரத்தில் 2004-இல் சுமார் நூறு ஏழைக் குடும்பங்களுக்கு இப்படித்தான் செய்தார்கள். கையிலிருந்த பணத்தில் பாதி வீடு, ஆனால் கஷ்டமான பாதி: கட்டுமானம், படி, சமையலறை, குளியலறை. மீதியை அந்தக் குடும்பங்கள் தாங்களே கட்டிக்கொண்டன. சுவருக்கு லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டு இருக்கிறது. செங்கல்லை நிறுத்தி வைத்து நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது. கல் கால்வாசி மிச்சம், வெயிலும் உள்ளே இறங்காது. அண்ணன் முதலில் சிரித்தான். ஒரு வரிசை கட்டிப் பார்த்துவிட்டு, "செய்யலாம்டா" என்றான்.

கக்கூஸ் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். செப்டிக் டேங்க் கட்டினால் ஒருநாள் நிரம்பும். அப்போது யாரை இறக்குவோம்? மனிதனை இறக்குவதை 2013-ஆம் வருஷச் சட்டம் தடை செய்கிறது. ஆனாலும் டேங்குக்குள் சாவது நம் ஆட்கள்தான். சாதி ஒழிப்பு பேசுகிற நாம், இன்னொரு ஒடுக்கப்பட்டவனைக் குழிக்குள் அனுப்பும் வீட்டைக் கட்டலாமா? இரட்டைக் குழிக் கக்கூஸ் கட்டலாம். ஒரு குழி நிரம்பியதும் அதை அடைத்து அடுத்ததற்குத் திருப்பிவிட்டால், இரண்டு வருஷத்தில் முதல் குழியில் இருப்பது மக்கி எருவாகிவிடும். நிலத்தடி நீர் மேலாக இருக்கிற இடத்திலும் கிணறு பக்கத்தில் இருந்தாலும் இது ஆகாது. அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாகப் பணம். கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்திருப்பவன் என்பதால் சொல்கிறேன். ஐந்து லட்சம், ஒன்பது சதவீத வட்டி, பதினைந்து வருஷம் என்று வைத்தால் மாதம் சுமார் 5,070 ரூபாய். மொத்தம் கட்டுவது ஒன்பது லட்சத்துக்கு மேல். அதிகம்தான். ஆனால் ஐந்து வட்டிக்கு வெளியே ஒரு லட்சம் வாங்கினாலே மாதம் ஐந்தாயிரம், அதுவும் வட்டி மட்டும். அசல் அப்படியே நிற்கும். நம்மை வட்டிக்காரனிடம் தள்ளுவது எது தெரியுமா? காகிதம். காலனி மனைப் பட்டா பெரும்பாலும் நிபந்தனையோடு வருவது. அதை அடமானமாக எடுக்க வங்கிகள் தயங்கும். செத்துப்போன தாத்தா பெயரிலேயே பட்டா கிடக்கும். இதையெல்லாம் கல் இறக்குவதற்கு முன்னால் தாலுகா ஆபீசில் சரிசெய்ய வேண்டும். பட்டாவில் பெண்கள் பெயர் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அண்ணி பெயரும் வர வேண்டும் என்று சொன்னபோது கொஞ்ச நாள் சண்டை நடந்தது. மண் சுமக்கிற தலைக்குப் பட்டாவில் இடமில்லை என்றால் அது என்ன விடுதலை?

ஊர்த்தெருவில் இருக்கிற வீடுகளில் எத்தனையை நம் அப்பன்மார் கட்டியிருக்கிறார்கள்! வித்தை நம்மிடம் இருக்கிறது. பிளானும் எஸ்டிமேட்டும் காகிதமும்தான் வேறு கைகளில் இருக்கின்றன. இங்கே சிவில் படிக்கிற மாணவர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் காலனிக்கு வாருங்கள். வீடுவீடாகப் போய் ஆட்களை எண்ணி, அவர்களையே கேட்டு, பிளான் வரைந்து கொடுப்போம். மனுவும் எழுதுவோம். எங்கள் தெருவிலிருந்து ஆரம்பிக்கலாம். அளக்கிற டேப் அண்ணனிடம் இருக்கிறது.