மனு நகரலே, போலீஸ் மட்டும் நகர்ந்தது!

(முடிச்சூர் விவசாயிகள் கூட்டத்தில் பேசியது)



கந்துவட்டி என்றால் என்னவென்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 2017 அக்டோபர் 23-ல் நெல்லை கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பமே தீயில் கருகியது. புருஷன், பொண்டாட்டி, இரண்டு பச்சைப் பிள்ளைகள். நாலு பேரும் செத்தார்கள். அதற்கு முன் பலமுறை மனு கொடுத்தும் பலனில்லை.

அந்த ஆத்திரத்தில் முதலமைச்சர், கலெக்டர், போலீஸ் கமிஷனர் மூவரையும் சாடி பாலா ஒரு கார்ட்டூன் போட்டார். கலெக்டர் புகார் கொடுத்தார். நவம்பர் 5-ல் பாலாவைச் சென்னையில் கைது செய்து நெல்லைக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் கோர்ட் ஜாமீனில் விட்டது. மனுவுக்கு நகராத அரசாங்கம் படத்துக்கு எப்படி ஓடுது பார்த்தீங்களா?

படம் ஆபாசம் என்பவர்கள் சொல்லட்டும், பதில் பேசட்டும். ஜெயில் எதுக்கு? 2015-ல் டாஸ்மாக்கை எதிர்த்துப் பாடிய கோவன் மேல் தேசத்துரோக வழக்கே பாய்ந்தது. வன்முறையைத் தூண்டாமல் அரசை எவ்வளவு கடுமையாக விமர்சித்தாலும் அது தேசத்துரோகம் ஆகாது என்று சுப்ரீம் கோர்ட் 1962-லேயே கேதார்நாத் சிங் வழக்கில் சொல்லிவிட்டது.

நாளைக்கு ஏரிக்காகவும் நெல் விலைக்காகவும் நாம் வாய் திறந்தாலும் இதே கதிதான். அதனால் அவர்கள் வாயைக் காப்பது நம் வயலைக் காப்பது.

ஆட்சியாளர்களே! பேசுகிறவனைப் பிடிக்காதே, மனுவுக்குப் பதில் சொல்!