செயின்சா குடிக்கும் தூசி



தூசியைப் பற்றி விருத்தாசலத்துக்காரர்களிடம் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? பீங்கான் தொழிற்பேட்டையில் அகல்விளக்கும் பொம்மையும் ஃபியூஸ் கட்டையும் செய்கிறவர்கள் குவார்ட்ஸ் என்ற சிலிக்காப் பொடியோடு நாள்தோறும் புழங்குகிறவர்கள். அந்தப் பொடி மூச்சில் ஏறினால் நுரையீரல் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதே சிலிக்கா, ஊருக்கு வெளியே முந்திரிக் காட்டில் ஓடும் செயின்சாவுக்குள்ளும் போகிறது. அதை வாசலிலேயே நிறுத்துவது ஏர் ஃபில்டர். அந்த ஃபில்டரைப் பேணுகிற வேலையைத்தான் இன்று எடைபோடப் போகிறேன். சின்ன வேலைதான், ஆனால் பாதிப் பேர் தப்பாகச் செய்கிறார்கள்.

இந்தத் தூசி எங்கிருந்து வருகிறது? 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கரை கடந்தபோது, கடலூர் மாவட்டத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. கோடாலியால் தீருகிற வேலையா அது? மரம் அறுக்கும் மிஷின்கள்தான் தோப்புக்குத் தோப்பு நின்றன. நிற்கிற மரத்தை அறுப்பது வேறு, மண்ணில் புரண்ட மரத்தை அறுப்பது வேறு. புரண்ட மரத்தின் பட்டை இடுக்கெல்லாம் செம்மண்ணும் மணலும் ஏறியிருக்கும். செயின் ஓடும்போது மரத்தூளோடு அந்த மணலும் பொடியாகிப் பறக்கும். அடிமரத்தைத் தரையோடு ஒட்டி அறுத்தாலும் இதே கதைதான்.

எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்று ஒரு கணக்குப் போடுவோம். 50 சிசி எஞ்சின், நிமிடத்துக்கு 9,000 சுற்று. டூ ஸ்ட்ரோக் என்பதால் சுற்றுக்கு ஒரு தரம் காற்றை இழுக்கும். ஏட்டுக் கணக்கில் 450 லிட்டர். முழுதாக நிரம்பாது என்று தாராளமாகக் கழித்தாலும் நிமிடத்துக்கு 250 லிட்டருக்குக் குறையாது. சும்மா உட்கார்ந்திருக்கிற மனிதன் இழுக்கும் காற்று ஆறேழு லிட்டர்தான்.

அந்தக் காற்று போகிற வழியையும் பார்க்க வேண்டும். இப்போதைய பைக்கில் காற்று வால்வு வழியாக நேரே எரியும் அறைக்குப் போய்விடும். செயின்சாவில் அப்படியில்லை. ஆயில் கலந்த பெட்ரோலோடு முதலில் பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் அறைக்குள் போய், பேரிங்கையெல்லாம் நனைத்துவிட்டுத்தான் மேலே ஏறும். தூசியும் கூடவே வந்தால் அந்த ஆயில் படலத்தில் ஒட்டிக்கொள்ளும். வால்வு உரசப் பட்டறையில் வைத்திருக்கும் கிரைண்டிங் பேஸ்ட்டும் இதே மாதிரிச் சரக்குதான். குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் 7, அலுமினியத்துக்கு ஏறக்குறைய 3. சிலிண்டர் சுவரில் கெட்டியான முலாம் இருப்பதால் அது கொஞ்சம் தாங்கும். பிஸ்டன் தாங்காது.

கைதேர்ந்த மெக்கானிக் கழற்றிய பிஸ்டனைத் திருப்பிப் பார்த்தே சொல்லிவிடுவார். காற்று நுழையும் பக்கம் மங்கிச் சாம்பல் நிறமாகத் தேய்ந்திருந்தால் குற்றவாளி தூசி. சைலன்சர் பக்கம் கோடு கோடாகக் கீறியிருந்தால் பெரும்பாலும் ஆயில் குறை, அல்லது பெட்ரோல் குறைந்த கலவை.

இனி, நம் ஆட்கள் செய்யும் கைவைத்தியம். ஃபில்டர் மேல் பனியன் துணியைச் சுற்றுவது, இரண்டு ஃபில்டரை அடுக்குவது, இழுவை போதவில்லை என்று மூடியில் ஓட்டை போடுவது. மூன்றையும் நான் ஏற்கவில்லை. துணி சுற்றினால் காற்று குறையும், பெட்ரோல் கூடும், புகை வரும், பிளக் கறுக்கும். உடனே கார்பரேட்டர் ஸ்க்ரூவை முறுக்கிப் பெட்ரோலைக் குறைப்பார்கள். மறுநாள் துணியை எடுத்துவிட்டு ஃபில்டரைக் கழுவி மாட்டினால் காற்று தாராளமாகப் போகும். பெட்ரோலும் அதோடு வருகிற ஆயிலும் போதாது. மிஷின் அருமையாகச் சீறும், கொஞ்ச நேரத்தில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஃபில்டர் அடைத்தாலும் கலவை மாறாதபடி தன்னைச் சரிசெய்துகொள்ளும் கார்பரேட்டர்கள் வந்துவிட்டன. ஆனால் மலிவான மிஷின்கள் பலவற்றில் அது இல்லை.

உண்மையான முன்னேற்றம் ஃபில்டருக்கு முன்னாலேயே தூசியைக் கழிப்பதில் இருக்கிறது. களிமண்ணைத் தண்ணீரில் கரைத்து ஓடவிட்டால் மணல் முதலில் தங்கிவிடும், மாவு போன்ற மண் மட்டும் அடுத்த தொட்டிக்குப் போகும். பீங்கான் பட்டறைக்காரர்கள் அறிந்த வித்தை. ஹஸ்க்வர்னா, ஸ்டீல் (Stihl) ஆகிய செயின்சா கம்பெனிகளின் நல்ல மாடல்களில் இதையே காற்றில் செய்கிறார்கள். குளிர்விக்கிற விசிறியின் சுழற்சியில் கனமான துகள் வெளிப்பக்கம் எறியப்படும். தூசி குறைந்த காற்றை மட்டும் ஒரு துளை வழியாக ஃபில்டருக்கு அனுப்புவார்கள். ஃபில்டர் அடைக்கும் நேரம் வெகுவாகத் தள்ளிப்போகிறது. புது மிஷின் வாங்குகிறவர்கள் சிசி எத்தனை என்று கேட்கும்போதே இந்த ஏற்பாடு உண்டா என்றும் கேளுங்கள்.

பழைய மிஷினுக்கும் வழி உண்டு. செயினை அரத்தால் தீட்டி வையுங்கள். கூரான செயின் சீவலாகத் தள்ளும், மழுங்கினது மாவாக அரைக்கும். அந்த மாவுதான் ஃபில்டரை அடைக்கிறது. அறுக்கும் இடத்தில் பட்டை மண்ணைத் தட்டிவிடுங்கள். ஃபில்டரைக் கழற்றுமுன் சோக்கை மூடுங்கள், இல்லையென்றால் மேலே கிடக்கும் தூள் நேரே கார்பரேட்டரில் விழும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசி நன்றாகக் காயவிடுங்கள். கம்ப்ரசர் காற்றை நெருங்கிப் பிடித்தால் மெல்லிய வலை கிழியும். தள்ளிப் பிடித்து உள்ளிருந்து வெளியே ஊதலாம்.

எல்லாவற்றையும் விட முக்கியம் விளிம்பு. எவ்வளவு நெருக்கமான வலையாக இருந்தாலும், ஓரம் சரியாகப் பதியாமல் முடி அளவு இடைவெளி இருந்தால் தூசி அந்த வழியாகத்தான் போகும். ரப்பர் இறுகிப்போன பழைய ஃபில்டரையும், அளவு சரியாக வராத போலி உதிரியையும் தூக்கிப் போடுங்கள். பதியும் ஓரத்தில் மெல்லிசாகக் கிரீஸ் தடவுவது காசில்லாத நல்ல பழக்கம்.

மிஷின் வைத்திருக்கிற நேயர்கள் அடுத்த முறை ஃபில்டரைக் கழற்றும்போது, கார்பரேட்டர் வாயை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். எண்ணெய்ப் பசை மட்டும் வந்தால் சரி. துணியில் மணல் நெருடினால் அந்த மிஷினை அப்படியே இயக்காதீர்கள். ஃபில்டரை மாற்றிவிட்டுத் தோப்புக்குப் போங்கள்.